"வயிறு உப்பலா இருக்கு, அதான் சாப்பிடல"

சீனாவின் ஷாங்காயிலோ சாங்ஷாவிலோ பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆறே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டால், பெற்றவர்கள் அவளை முதலில் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் செரிமானப் பிரிவுக்குத்தான். அவள் சொல்வதும் அதற்குத் தோதாகவே இருக்கும். "வெய் ஜாங்" என்பாள். இரைப்பை உப்பிக்கிடக்கிறது, நாலு வாய் போனதும் நெஞ்சை அடைக்கிறது, அதற்கு மேல் இறங்கவில்லை. எண்டோஸ்கோப்பி எடுத்தால் ‘மேலோட்டமான இரைப்பை அழற்சி’ என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். யாருக்கு எடுத்தாலும் அடிக்கடி வருகிற வரி அது. பிறகு மாதவிடாய் நின்றுபோனதற்காக மகளிர் மருத்துவர். அதன் பிறகு, நாடி பார்த்து ‘மண்ணீரலும் இரைப்பையும் பலவீனம்’ என்று சொல்லும் சீன மருத்துவர். ஒவ்வொரு வாசலிலும் சில வாரங்கள் கழிகின்றன. அத்தனை வாரமும் அவள் மெலிந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு இருப்பது அனோரெக்சியா, உடம்பு உருகும் அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் மனநோய். இப்படி உண்ணல் கோளாறு வந்த சீன நோயாளிகளின் மன இயல்பு என்ன என்பதுதான் இங்கே பேச்சு.

நோயின் பெயரே இந்த அலைச்சலுக்கு ஒரு காரணம். அனோரெக்சியாவைச் சீன மொழியில் ‘யென்ஷி’ என்கிறார்கள். உணவில் வெறுப்பு என்று பொருள். சாப்பிட அடம்பிடிக்கிற சின்னக் குழந்தைகளைப் பற்றிச் சீன மருத்துவம் பேசும்போதும் இதே சொல்தான். அந்தக் குழந்தைகளுக்கு ஷான்ஜா என்ற புளிப்புப் பழத்தில் செய்த உருண்டை வாங்கிக் கொடுப்பார்கள், நம் வீடுகளில் ஓமத் தண்ணீர் கொடுப்பதைப் போல. ‘யென்ஷி’ என்று காதில் விழுந்ததும் பெற்றோருக்கு நினைவு வருவது அந்த உருண்டைதான். ஆனால் இந்த நோயில் பசி பெரும்பாலும் சாவதில்லை. பெரும்பாலோருக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் உணவைப் பற்றிய நினைப்புதான் ஓடுகிறது. சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பார்கள், தம்பிக்கும் அப்பாவுக்கும் பார்த்துப் பார்த்துச் சமைப்பார்கள், தாங்கள் மட்டும் தொடமாட்டார்கள்.

சீன நோயாளிகளின் மன இயல்பைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் சிங் லீ செய்த வேலையை. 1980களின் பிற்பகுதியில் அவரிடம் வந்த நோயாளிகளில் பலர் பாடப்புத்தகத்துக்கு அடங்கவில்லை. புத்தகம் சொன்னது, இந்த நோயின் உயிர்நாடி குண்டாகிவிடுவோமோ என்ற பயம் என்று. அவரிடம் வந்தவர்களோ, தாங்கள் மெலிந்திருப்பது தெரிகிறது, அது பிடிக்கவும் இல்லை, ஆனால் சாப்பிட முடியவில்லை என்றார்கள். 1993இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இருந்த 70 நோயாளிகளில் 41 பேரிடம் குண்டாகும் பயம் காணப்படவில்லை. மேல்வயிறு உப்பல்தான் அவர்கள் அதிகம் சொன்ன காரணம். அடுத்து பசியே இல்லை என்பது. சிலர் எந்தக் காரணமும் சொல்லாமல் ‘கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்’ என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். பயம் இல்லாத இந்தக் குழுவினர் நோய் வருமுன்பே மற்றவர்களைவிட ஒல்லியாக இருந்தவர்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. குண்டாக இருந்து இளைத்தவளுக்கு எடை திரும்பிவிடுமோ என்ற பயம் இருக்கும். இயல்பிலேயே ஒல்லியானவளுக்கு அந்தப் பயம் முளைக்க இடமேது?

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அவள் பயத்தை மறைக்கிறாள், வயிறு உப்பல் வெறும் சாக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த உப்பல் நிஜம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். சாதாரண ஆளுக்கு உணவு கீழே இறங்கிவிடும் நேரத்துக்குப் பிறகும் அவளுக்கு அது இரைப்பையிலேயே கிடக்கும். ஆகவே பட்டினி உப்பலை உண்டாக்குகிறது. உப்பல் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தடுக்கிறது. அந்தப் பட்டினி உப்பலை இன்னும் கூட்டுகிறது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்கள் தாக்குப்பிடித்தால் இது பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் முதல் இரண்டு வாரம் உப்பல் கூடுவதுபோல் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், "பாருங்கள், நான் சொன்னேனே" என்று அவளும், "பாவம், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பாட்டியும் பின்வாங்கிவிடுவார்கள். சிகிச்சை கைவிட்டுப்போவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

வீட்டு வைத்தியம் இதை இன்னும் மோசமாக்குகிறது. வயிற்றுக்கு இதமாக, ‘இரைப்பையைப் பேண’ என்று சீன வீடுகளில் முதலில் வைப்பது வெறும் அரிசிக் கஞ்சி. அடுத்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்த கோழிச்சாறு. இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர். வயிற்றை நிரப்பும், சத்து சேர்க்காது. ஏற்கெனவே உப்பிக் கிடக்கும் வயிறு தண்ணீரால் நிறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளி கஞ்சிக்கு உடனே தலையாட்டுவாள். அவள் ஒப்புக்கொண்டதே தாய்க்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். இப்படியே மாதக்கணக்கில் ஓடும். கொடுக்க வேண்டியது அளவில் சிறியதும் சத்தில் அடர்ந்ததுமான உணவு, மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டியுமாக.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பல வாரம் பட்டினி கிடந்தவளுக்கு ஒரே நாளில் ஏராளமாகக் கொடுக்கக் கூடாது. மருந்து வேர்களும் இறைச்சியும் போட்டுத் திடீரென உடம்பைத் தேற்றும் வழக்கம் சீன வீடுகளில் உண்டு. கடும் பட்டினிக்குப் பின் திடீரென மாவுச்சத்து ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து, இதயமும் மூச்சும் தடுமாறலாம். அதனால்தான் கடுமையாக மெலிந்தவர்களுக்கு மருத்துவமனையில் முதலில் தையமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே உணவைக் கூட்டுகிறார்கள். நாடித்துடிப்பு மிகக் குறைந்திருப்பது, எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவது, கை கால் சில்லிட்டுப் போவது, கால் வீங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். மிகவும் மோசமான நிலையிலும் இரத்த முடிவுகள் சரியாகவே வரக்கூடும்.

மன இயல்புகளுக்கு வருவோம். பட்டியல் போடுகிறவர்கள் எதிலும் குறையே இருக்கக் கூடாது என்னும் முழுமை நாட்டம், பிடிவாதம், உணர்ச்சியை வெளிக்காட்டாமை, ஒதுங்கிப்போதல், எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் செய்யும் கட்டாயம் என்று எழுதிக்கொண்டே போவார்கள். அந்தப் பட்டியலில் எது அவளுடையது, எது பட்டினியுடையது என்று பிரிக்காமல் எழுதினால் பயனில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள், உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் மென்றார்கள், எரிந்து விழுந்தார்கள், மனிதர்களை விட்டு விலகினார்கள். குண்டாகும் பயம் அவர்களில் யாரையும் அங்கே கொண்டுவரவில்லை. ஆகவே மெலிந்த நிலையில் ஒரு வினாத்தாளை நீட்டி, வந்த எண்ணை ‘இவளது இயல்பு’ என்று எழுதுவது தவறு. பிரிப்பதற்கு இரண்டு வழி உண்டு. நோய் வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பு அவள் எப்படி இருந்தாள் என்று வீட்டாரையும் வகுப்பு ஆசிரியரையும் தனித்தனியாகக் கேட்பது ஒன்று. எடை திரும்பிச் சில மாதம் நிலைத்த பிறகு அதே வினாத்தாளை மறுபடி கொடுப்பது இன்னொன்று. இரண்டிலும் தங்கி நிற்பதுதான் இயல்பு.

அப்படித் தங்கி நிற்பவற்றில் முதன்மையானது முழுமை நாட்டம். அதிலும் எந்தப் பகுதி என்பது முக்கியம். உளவியலாளர் ஃப்ராஸ்ட் 1990இல் உருவாக்கிய 35 கேள்வி அளவுகோல் இதை ஆறாகப் பிரிக்கிறது. தனக்குத்தானே உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்வது ஒரு பகுதி. தவறு செய்துவிடுவோமோ என்ற தவிப்பு, செய்ததைத் திரும்பத் திரும்பச் சந்தேகிப்பது, பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் குறைகூறல், ஒழுங்கு ஆகியவை மற்றவை. ஜூன் 7இல் தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவை நோக்கி ஓடுகிற வகுப்பில் உயர்ந்த இலக்கு எல்லாரிடமும்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து நோயாளியையும் பக்கத்து மேசைத் தோழியையும் பிரித்தறிய முடியாது. அவளைப் பிரித்துக்காட்டுவது தவறைப் பற்றிய தவிப்பும் சந்தேகமும். 98 மதிப்பெண் வாங்கியவள், போன அந்த இரண்டை இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் மதிப்பெண் கடைசிவரை சரியாது என்பதால் வீட்டுக்கு மணி அடிக்காது. பட்டினியால் கவனம் சிதறும்போது நேரத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறாள்; இரண்டு மணிநேரத்தில் முடித்த பாடத்துக்கு இப்போது நான்கு மணிநேரம் உட்காருகிறாள். பெற்றோர் கண்ணுக்கு அது உழைப்பாகப் படுகிறது.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது சீன வீடுகளில் பிள்ளையைப் புகழும் சொற்களை. ‘க்வாய்’ என்றால் நாம் சொல்லும் சமத்து. ‘தீங்ஹுவா’ என்றால் சொன்ன பேச்சைக் கேட்பவள். ‘டோங்ஷி’ என்றால் வீட்டு நிலைமை புரிந்து, கேட்காமலே விட்டுக்கொடுப்பவள். நோயாளிகளின் சிறுவயதைப் பற்றி வீட்டாரைக் கேட்டால் இந்த மூன்றும் அடிக்கடி வரும்: "சின்ன வயசிலிருந்தே ரொம்பச் சமத்து, ஒரு பொம்மை கேட்டு அழுததில்லை." இதை நல்ல செய்தியாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு, வேண்டாததை மறுத்தும் பழக்கமிருக்காது. ஒரு குழந்தைக் கொள்கை நடப்பில் இருந்த 35 ஆண்டுகளில் பிறந்த பலரின் வீட்டில், தாத்தா பாட்டி நால்வர், பெற்றோர் இருவர், நடுவில் அவள் ஒருத்தி. ஆறு பேரின் ஆசையும் ஒரே தட்டில் வந்து விழுகிறது. அப்பா அம்மாவுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில், அவள் சாப்பிடாமல் போனதும் இருவரும் மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். குணமாகிவிட்டால் அதுவும் நின்றுவிடுமோ என்று அவள் அஞ்சுவது, குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினால்தான் வெளியே வரும்.

அந்தச் சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வட்ட மேசை, நடுவில் எல்லாருக்கும் பொதுவான தட்டுகள், ஒவ்வொருவர் முன்னும் ஒரு சோற்றுக் கிண்ணம். பாட்டி தன் குச்சிகளால் மீனின் கன்னத்துச் சதையை எடுத்துப் பேத்தியின் கிண்ணத்தில் வைக்கிறாள். ‘ஜியா ச்சாய்’ என்று இதற்குப் பெயர். பாசத்தை வாயால் சொல்லும் பழக்கம் குறைந்த வீடுகளில் அதைச் சொல்லும் வழி இதுதான். 1959-61 பஞ்சத்தில் பிழைத்த வீட்டின் பாட்டியாக இருந்தால் அந்தத் துண்டு மீனின் கனம் இன்னும் கூடுதல். அதை ஒதுக்கினால் பாட்டியையே ஒதுக்கியதாகும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது மரியாதைக் குறைவு. ‘இதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்’ என்பது வாயில் வராத வாக்கியம். ‘வயிறு உப்பலா இருக்கு’ என்றால் மட்டும் யாரும் கோபிக்கமாட்டார்கள். பாட்டி குச்சிகளைத் தாழ்த்திவிட்டு வெந்நீர் கொண்டுவரப் போவாள். யாரையும் நோகடிக்காமல் மறுக்க அந்த மேசையில் இருக்கும் ஒரே வழி வயிறு. நாற்பது ஆண்டுகளாக ஆராயப்படும் ‘குண்டாகும் பயமில்லாத’ அனோரெக்சியாவைப் புரிந்துகொள்ள இந்த மேசையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உணர்ச்சியைச் சொல்லத் தெரியாதவர்கள் என்று சீனர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அதை அப்படியே ஏற்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் சாங்ஷாவில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் சூட்டப்பட்ட 100 நோயாளிகளைப் பார்த்தபோது 87 பேர் மனச்சோர்வு நோய்க்கான அளவுகோலுக்குள் வந்தார்கள். ஆனால் அவர்கள் சொல்லிவந்தது தலைவலி, தூக்கமின்மை, அசதி. 2008இல் உளவியலாளர் ரைடரும் சகாக்களும் சாங்ஷா நோயாளிகளையும் டொரண்டோ நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். உடல் தொல்லைகளை முன்வைக்கும் வழக்கத்தோடு சேர்ந்து போனது, உணர்வுகளை அடையாளம் காணும் திறன் குறைவு அல்ல, கவனத்தை உள்ளே செலுத்தாமல் வெளியே நடப்பதில் வைக்கும் பழக்கம். இது நடைமுறையில் பெரிய வித்தியாசம். திறன் இல்லாதவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவளிடம் கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும். "அப்போது என்ன உணர்ந்தாய்?" என்றால் "ஒன்றுமில்லை" என்பாள். "உப்பல் எத்தனை மணிக்கு வந்தது? மேசையில் யார் யார் இருந்தார்கள்? அதற்குமுன் பேச்சு எதைப் பற்றிப் போனது?" என்று கேளுங்கள். மூன்று நாள் குறிப்பு எழுதச் சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பேச்சு வந்த இரவுகளில் உப்பல் சீக்கிரம் வந்திருப்பதை அவளே கண்டுபிடிக்க வாய்ப்புண்டு.

வினாத்தாள்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. உண்ணல் கோளாறு இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க உலகெங்கும் புழங்கும் ஸ்காஃப் வினாத்தாளில் ஐந்தே கேள்வி. இரண்டுக்கு ‘ஆம்’ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். வயிறு உப்பல்காரியிடம் கேட்டுப் பாருங்கள். வயிறு நிறைந்து தொல்லை தந்ததும் வலிய வாந்தி எடுக்கிறாயா? இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதே என்று கவலைப்படுகிறாயா? இல்லை. மூன்று மாதத்தில் எடை மிகவும் குறைந்ததா? ஆம். மற்றவர்கள் ஒல்லி என்னும்போது நீ உன்னைக் குண்டு என்று நம்புகிறாயா? இல்லை, நானும் ஒல்லி என்றுதான் நினைக்கிறேன். உணவு உன் வாழ்க்கையை ஆள்கிறதா? அப்படியெல்லாம் இல்லை. மதிப்பெண் ஒன்று. வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

கார்னர் குழுவினர் 1983இல் வெளியிட்ட 64 கேள்வி உண்ணல் கோளாறு வினாத்தாளிலும் இதே கதைதான். ஹாங்காங்கில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, குண்டாகும் பயமுள்ளவர்கள் மேற்கத்திய நோயாளிகளைப் போன்ற எண்களோடு வந்தார்கள். பயமில்லாதவர்களுக்கு மெலிவு நாட்டம் என்ற பகுதியில் எண் தாழ்ந்தே நின்றது. அதே வினாத்தாளில் ‘வளர்ச்சி அச்சம்’ என்றொரு பகுதி உண்டு, குழந்தைப் பருவத்தின் பாதுகாப்புக்குத் திரும்பிப் போக ஆசையா என்பதுபோல. சீன மாணவிகளில் நோயில்லாதவர்களும் இதற்கு ‘ஆம்’ என்பார்கள். பதினெட்டு வயதில் நுழைவுத் தேர்வு, அதற்குப்பின் வேலைப் போட்டி என்று காத்திருக்கும் பெண் பழைய நாட்களுக்கு ஏங்குவதில் வியப்பில்லை. அந்த எண்ணைப் பார்த்து, பெண்மையைக் கண்டு அஞ்சுகிறாள் என்று விளக்கம் எழுதினால் அது பிழையான விளக்கம்.

2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்தது. பயத்தை வாயால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் போய், எடை கூடுவதைத் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தாலும் போதும் என்றானது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. ஆகவே பார்க்க வேண்டியது நடத்தையை. உப்பலுக்கு மருந்து கொடுத்துக் குறைந்த பிறகும் சாப்பாடு கூடவில்லையா? எடை சற்று ஏறியதும் படிக்கட்டு ஏறி இறங்குவது, நின்றபடியே படிப்பது என்று தொடங்குகிறதா? அப்படியானால் சொல்லப்படாத ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது. உப்பல் குறைந்ததும் தானாகத் தட்டை எடுத்துக்கொண்டால் வழி வேறு; உண்மையிலேயே குடல் நோயா, வாந்தி வந்துவிடுமோ தொண்டையில் சிக்கிவிடுமோ என்று உணவைத் தவிர்க்கும் வேறு வகைக் கோளாறா என்று தேட வேண்டும்.

இனி, குண்டாகும் பயமே சீனர்களிடம் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலம் மாறிவிட்டது. 1994 நவம்பர் 24 அன்று ஹாங்காங்கில் பரபரப்பான தெரு ஒன்றில் 14 வயதுப் பள்ளி மாணவி சுருண்டு விழுந்து இறந்தாள். அனோரெக்சியா என்ற சொல் அந்த வாரம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது, மேற்கத்திய விளக்கத்தோடு சேர்ந்து. அதன்பின் நோயாளிகள் பெருகினார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் மாறிக்கொண்டே வந்தது. 1987 முதல் 2007 வரை தம் மருத்துவமனைக்கு வந்த 195 பேரை வைத்து சிங் லீ குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிந்தைய பத்தாண்டில் வந்தவர்களின் தொகை இரட்டிப்பாகியிருந்தது. குண்டாகும் பயத்தைச் சொல்பவர்களே பெரும்பான்மை. பிரதான சீனாவில் இணையம் அதே வேலையைச் செய்தது. 2016இல் இடுப்பை ஏ4 தாளின் அகலத்துக்குள் மறைத்துப் படம் போடும் போட்டி வெய்போ என்ற சீனச் சமூக வலைதளத்தில் பரவியது. ‘நல்ல பெண் நூறைத் தாண்டமாட்டாள்’ என்று ஒரு சொலவடை புழங்குகிறது. நூறு என்பது ஜின் கணக்கு, ஐம்பது கிலோ. உயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாத கணக்கு அது. மறுபக்கம், எடை போட்டவரைப் பார்த்து ‘ஃபாஃபூ’, பாக்கியம் ஏறியிருக்கிறது என்று வாழ்த்தும் பெரியவர்களும் அதே வீட்டில் இருக்கிறார்கள். புத்தாண்டு விருந்தில் இரண்டு பேச்சும் ஒரே பெண்ணின் காதில் பத்து நிமிட இடைவெளியில் விழும்.

உடல் அதிருப்தி என்றதும் இடுப்பையும் தொடையையும் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சோங்சிங்கின் தென்மேற்குப் பல்கலைக்கழகத்தில் சென் ஹோங்கும் டாட் ஜாக்சனும் உருவாக்கிய 48 கேள்வி அளவுகோலில் முகத்தோற்றத்துக்கும் உயரக் குறைவுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருப்பது காரணத்தோடுதான். கன்னம் அகலமாகத் தெரிகிறது என்பதற்காகவே உணவைக் குறைத்தவர்கள் உண்டு. அதோடு பின்னிக் கிடப்பது, பிறர் தவறாக நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். ‘மியென்ட்ஸ’ என்னும் முகமதிப்பு வீட்டுக்கும் உரியது என்பதால், நோய் என்று வெளியே தெரிவதும் வீட்டுக்கே இழுக்காகிறது. அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தியெடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டும் புலிமியாவில் இந்த மறைப்பு இன்னும் இறுக்கம். எடை பெரும்பாலும் அதிகம் மாறாததால் யார் கண்ணுக்கும் படாது. அளவு மீறித் தின்றதற்கும் அதை வீணாக்கியதற்கும் சேர்த்து இரட்டைக் குற்றவுணர்வு அவர்களுக்கு. உணவை வீணாக்குவதற்கு எதிராக 2021இல் சட்டமே வந்த நாட்டில் இதை மருத்துவரிடம் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பேர் என்ற கணக்கில் இந்த மறைப்பு அப்படியே தெரிகிறது. 2019இல் வெளியான சீனாவின் தேசிய மனநல ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டது. உண்ணல் கோளாறு 0.1 சதவீத அளவிலேயே நின்றது. 2014இல் வெளியான வூஹான் ஆய்வு பல்கலைக்கழக மாணவிகளை முதலில் வினாத்தாளால் சலித்து, பிறகு மருத்துவ நேர்காணல் செய்தது: அனோரெக்சியா 1.05 சதவீதம், புலிமியா 2.98, மிகையுண்ணல் கோளாறு 3.53. யாரைக் கேட்டார்கள், எந்த வயதில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கும்போது என்பதைப் பொறுத்துத்தான் எண் வருகிறது. 

குணமாக்கும் வழியில், பதின்பருவத்தினருக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சையே முதல் தேர்வு. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 20 அமர்வுகள், மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோர் கையில், இரண்டாவது அமர்வில் குடும்பமே மருத்துவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடும். யார் தவறு என்று தேடுவதில்லை என்பது இதன் அடிப்படை. சீன வீடுகளுக்கு இது பெரிய விடுதலை, ஏனென்றால் அதுவரை எல்லார் விரலும் தாயை நோக்கியே நீண்டிருக்கும்.

ஆனால் இதை அப்படியே எடுத்து வைத்தால் சறுக்கும். பெற்றோர் வேலைக்குப் போகும் வீட்டில் மதியச் சாப்பாடு பாட்டி கையில். பாட்டியைக் கூப்பிடாமல் திட்டம் போட்டால் மதியம் கஞ்சியும் மாலை சண்டையும்தான் மிஞ்சும். முதல் அமர்வுக்கே பாட்டியும் வர வேண்டும். ஒரு வேளைக்கு ஒருவர்தான் பரிமாற வேண்டும். மற்றவர்கள் அவள் கிண்ணத்தில் எதுவும் வைக்கக் கூடாது. பொதுத்தட்டிலிருந்து எடுக்கும் முறையைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவிட்டு அவள் பங்கைத் தனித்தட்டில் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்; பொதுத்தட்டில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அரை மணிநேரத்துக்குள் முடிப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். மேசையில் அளவைப் பற்றி வாதம் வேண்டாம், படிப்பைப் பற்றிய பேச்சும் வேண்டாம். "நீ இப்படிச் செய்தால் அம்மா செத்தே போவேன்" என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். கடன்பட்டவள் போலவே வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னொரு கடன். "கஷ்டமா இருக்குன்னு தெரியும், அடுத்த வாய் எடு, நான் பக்கத்துல இருக்கேன்" என்ற அளவு போதும். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம். ‘ஷியூஷுவே’ என்று பள்ளியில் ஓர் ஆண்டு விடுப்பு எடுக்க முறையான வழி இருக்கிறது. பெய்ஜிங் பல்கலைக்கழக ஆறாவது மருத்துவமனையிலும் ஷாங்காய் மனநல மையத்திலும் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதே குரல் பதிவாகியிருக்கிறது. 1995இல் டில்லி மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக் குறிப்பில் ஐந்து இளம்பெண்கள் வருகிறார்கள். மெலிந்து, சாப்பிட மறுத்து, குண்டாகும் பயம் எதுவும் சொல்லாமல். ‘சாப்பாடு இறங்கல’, ‘வயிறு மந்தமா இருக்கு’ என்று வரும் பெண்ணிடம் ஹாங்காங்கில் கற்றதை வைத்துக் கேட்டுப் பார்க்கத் தடையொன்றும் இல்லை.

குணமாவதன் அடையாளம் எடைத் தராசில் மட்டும் தெரிவதில்லை. எடை ஓரளவு ஏறிய பிறகு ஒருநாள் அவள் தட்டைப் பார்த்து, "இந்த மீன் எனக்குப் பிடிக்கல, வேற குடுங்க" என்பாள். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடுத்த வாரமே அம்மாவோடு சண்டை போடுவாள், கதவை அறைந்து சாத்துவாள். முன்பு எவ்வளவு சமத்தாக இருந்தாள், இப்போது கெட்டுப்போய்விட்டாள் என்று வீட்டார் கலங்கிப்போய் மருத்துவருக்குப் போன் செய்வார்கள். கலங்க வேண்டாம். மீனை எடுத்துவிட்டு, அதே அளவு சத்துள்ள வேறொன்றை அந்தத் தட்டில் வையுங்கள். கதவைத் தட்டி, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.